சிறுநீரக நோய்க்கு ஆங்கில மருத்துவம், உணவுக் கட்டுப்பாடு, ஆயுர்வேதம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாமா?

அப்பாவுக்கு 60 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 3.2 வந்திருக்கிறது, உறவினர் ஒருவர் 48 நாள் மூலிகை சிகிச்சைக்கு அழைக்கிறார், ஆங்கில மருந்தை நிறுத்தினால்தான் அது வேலை செய்யும் என்கிறார், மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்கலாம். நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். நான் மருத்துவன் இல்லை. அம்மாவின் ஃபைலை ஆறு வருடமாகத் தூக்கிக்கொண்டு அலைகிற மகன். மருந்து, சாப்பாடு, மூலிகை மூன்றிலும் தப்பு செய்திருக்கிறோம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 64 வயதில் கிரியேட்டினின் 2.1 என்று வந்தது. அதற்குக் கீழேயே இ.ஜி.எஃப்.ஆர். 26 என்று போட்டிருந்தார்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதற்கான கணக்கு அது. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய், 30க்குக் கீழே போனால் நான்காம் கட்டம், 15க்குக் கீழே ஐந்தாம் கட்டம். சரி, வீடு பயந்துவிட்டது. பயந்த வீட்டுக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஓரிடத்திலிருந்து ஒரு சூரணம் வந்தது, கூடவே ஒரு தாள்: பருப்பு கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது, மூன்று வேளையும் கஞ்சி. அம்மா ஒரு வேளைகூடத் தவறாமல் அப்படியே செய்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கிரியேட்டினின் 1.7, இ.ஜி.எஃப்.ஆர். 33. நான்காம் கட்டத்திலிருந்து மூன்றுக்கு ஏறிவிட்டோம் என்று ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

நெஃப்ராலஜிஸ்ட், அதாவது சிறுநீரக மருத்துவர், ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் மேற்கையைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடித்தார். இரண்டு விரலும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டன. “எத்தனை கிலோம்மா குறைஞ்சீங்க?” என்று கேட்டார். ஏழு கிலோ.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. சிறுநீரகம் நன்றாக வெளியேற்றினாலும் ரத்தத்தில் அது குறையும், உடம்பில் தசையே கரைந்துபோனாலும் குறையும். ரிப்போர்ட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையை எடுத்துப் பார்த்தபோது கணக்கு 24 என்று வந்தது. அதாவது சிறுநீரகம் துளியும் தேறவில்லை. அம்மாதான் தேய்ந்திருந்தார்.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்றும் உண்டு. டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். நாளடைவில் அதுதான் வடிகட்டியைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் லேசாக ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் மருத்துவர்கள் மாத்திரையை நிறுத்துவதில்லை, பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டு தொடர்வார்கள். டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான், முதலில் கொஞ்சம் ஏற்றிவிட்டு அப்புறம் சரிவை மெதுவாக்கும். 2020இல் வெளிவந்த டாபா-சி.கே.டி. ஆய்வில் 4,304 பேர் இருந்தார்கள். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெடுவது, முற்றிலும் செயலிழப்பது, சிறுநீரக நோயாலோ இதய நோயாலோ இறப்பது எல்லாம் சேர்ந்த ஆபத்து அந்த மாத்திரையால் 39 சதவீதம் குறைந்தது. அந்த வகை மருந்தின் மூதாதை, 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள். மூலிகை என்றாலே முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

ஆக, நல்ல மாத்திரை முதல் மாதத்தில் எண்ணை ஏற்றிக் காட்டும், பட்டினி எண்ணை இறக்கிக் காட்டும். 48 நாளில் கிரியேட்டினினை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற எவரும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுச் சூரணத்தைக் கும்பிடுவார். ஏமாற்ற வேண்டும் என்றுகூட அவசியமில்லை, கொடுப்பவரே மனதார நம்பியிருப்பார். உங்கள் உறவினரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இன்னொன்று: வாந்தி பேதி, வலி மாத்திரை, கிருமித்தொற்று இவற்றால் திடீரென்று ஏறிய கிரியேட்டினின், காரணம் போனதும் பல நேரம் தானாகவே இறங்கும். அந்தச் சமயத்தில் கையில் எந்த மருந்து இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

சாப்பாட்டு விஷயம்தான் தினமும் மூன்று வேளை வருகிற விஷயம். “சிறுநீரக டயட்” என்று எல்லோருக்கும் பொதுவான ஒரே தாள் கிடையாது என்பதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதம் ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் அளவு போதும் என்பார்கள். 55 கிலோ ஆளுக்கு 44 கிராம். அது பூஜ்யம் இல்லை! பருப்பும் முட்டையும் அளவோடு வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழ், 1 முதல் 1.2 கிராம் வரை ஏற்றச் சொல்வார்கள், ஏனென்றால் டயாலிசிஸிலேயே கொஞ்சம் புரதம் போய்விடுகிறது. பழைய தாளையே வைத்துக்கொண்டு டயாலிசிஸ் நோயாளியைப் பட்டினி போடுகிற வீடுகளை காத்திருப்பு அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உப்பு எல்லோருக்கும் பொது. நாளைக்கு 5 கிராம், தட்டையாக ஒரு டீஸ்பூன், ஊறுகாய் அப்பளம் எல்லாம் சேர்த்து. இந்துப்பு நல்லது என்று மாற்றுகிறார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. நாங்கள் அதைவிடப் பெரிய தப்பு செய்தோம். சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன், சமையல் முழுக்க அதில்தான். இரண்டு மாதத்தில் பொட்டாசியம் 5.9. அந்த வகை உப்பில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைப் போடுகிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது நல்லதே. ஏற்கெனவே பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கிற டெல்மிசார்டான் சாப்பிடுகிற அம்மாவுக்கு அது விஷம். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

அதிலிருந்து உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்போம். தண்ணீரோடு பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். ருசியும்தான் கொஞ்சம் போகும் என்பது அம்மாவின் புகார். ஆனால் பொட்டாசியம் சரியாக இருக்கிறவருக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ரிப்போர்ட்டைப் பார்க்காமலே வாழைப்பழத்தையும் கீரையையும் பிடுங்கினால் மலச்சிக்கல்தான் மிச்சம், மலச்சிக்கலாலும் பொட்டாசியம் ஏறும். பாஸ்பரஸிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பருப்பு, தானியத்தில் உள்ளது பாதியளவுதான் உடம்பில் சேரும், கோலா பானத்திலும் பாக்கெட் உணவிலும் சேர்க்கிற பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுவதும் சேர்ந்துவிடும். இளநீர், “கிட்னிக்கு நல்லது” என்று அண்டை வீட்டார் அன்போடு கொண்டுவருகிற பட்டியலில் முதலிடம், பொட்டாசியத்திலும் மேலிடம். நட்சத்திரப் பழத்தைப் பேச்சுக்குக்கூட வேண்டாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது விக்கலில் தொடங்கி வலிப்பு, உயிராபத்து வரை போகும்.

இப்போது ஆயுர்வேதம். சிறுநீரகத்துக்கென்று அவர்கள் சொல்கிற பெயர்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: புனர்நவா என்கிற மூக்கிரட்டை, கோக்ஷுரம் என்கிற நெருஞ்சில், மாவிலங்கம். வீக்கத்துக்கும் நீர்க்கட்டுக்கும் காலங்காலமாகப் பயன்படுபவை, சின்னச் சின்ன ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் நான் மேலே சொன்ன மாத்திரையை எடைபோட்டுப் பார்த்த தராசில், ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் கவனித்து, இவை எதுவும் இன்னும் எடைபோடப்படவில்லை. அதனால் மாத்திரைக்குப் பதிலாக என்ற பேச்சுக்கே இடமில்லை. கூட என்றால், எது, எவ்வளவு, யார் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பயப்பட வேண்டியது இலை தழையைவிட உலோகத்துக்கு. ரச மருந்துகள், செந்தூரம், பஸ்பம் இவற்றில் பாதரசமோ ஈயமோ இருக்கக்கூடும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரில் புரதம் ஒழுகுகிற ஒரு வகை சிறுநீரக நோய்க்கும் நாட்டு மருந்துகளுக்கும் தொடர்பைக் காட்டினார்கள். அந்த மருந்துகளைச் சோதித்தபோது பாதரசம் இருந்தது, மருந்தை நிறுத்தியதும் பலருக்கு ஒழுகல் குறைந்தது. சிறுநீரகத்தைச் சரிசெய்ய அல்ல, மூலத்துக்கும் மூட்டுவலிக்கும் தோலுக்கும் சாப்பிடுகிறவர்களும் இதில் மாட்டுவார்கள், அவர்களுக்கு இது சிறுநீரகத்தோடு சம்பந்தப்பட்டது என்றே தோன்றாது.

செடியிலும் விஷம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிப்போனது, சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம், வேறொரு மூலிகைக்குப் பதில் தவறிப்போய்க் கலந்த அரிஸ்டலோக்கியா. அந்தக் குடும்பத்துச் செடிகள்தான் நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும். ஆடே தீண்டாது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்திருக்கிறார்கள்! அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் பிரஷரை ஏற்றும். பிலிம்பி என்கிற புளிப்புக் காயின் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் நின்றுபோன சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன.

அப்படியானால் ஆயுர்வேதத்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். எங்களுக்குக் கிடைத்த இரண்டாவது வைத்தியர் முதலில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டார். பொட்டாசியத்தின் மேல் விரல் வைத்து, “இது இறங்குற வரைக்கும் நான் கஷாயம் எதுவும் தரமாட்டேன்” என்றார். பஸ்பம் எப்போதுமே கிடையாது என்றார். நேரத்துக்குச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளுவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, கால் வீக்கத்தைத் தினம் ஒரே நேரத்தில் பார்ப்பது, குளித்ததும் அரிக்கிற தோலுக்கு எண்ணெய். அவ்வளவுதான். அம்மாவுக்கு இதனால் கிரியேட்டினின் குறையவில்லை. ஆனால் பசி திரும்பியது, தூக்கம் வந்தது, அந்த ஏழு கிலோவில் நான்கு கிலோ திரும்பி வந்தது. என்னைப் பொறுத்தவரை ஒருங்கிணைந்த சிகிச்சை என்ற பெரிய வார்த்தைக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது.

நடைமுறையில் எங்கள் வீட்டில் அது ஒரு நாற்பது பக்க நோட்டு. நெஃப்ராலஜிஸ்ட், டயட்டீஷியன், வைத்தியர் மூவரும் எழுதுவது அதே நோட்டில்தான். வாயில் போவது எதுவானாலும், பாட்டி வைத்தியப் பொடிகூட, அதில் ஏறாமல் போகக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு புது விஷயம் மட்டும் சேர்ப்போம், இரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்ப்போம். எடையும் சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின் என்ற புரதமும் கூடவே எழுதுவோம், கிரியேட்டினின் பொய் சொன்னால் காட்டிக்கொடுப்பவை அவைதான். நெஃப்ராலஜிஸ்ட் திட்டுவார் என்று ஆயுர்வேதத்தை மறைக்கிறவர்கள் ரொம்பப் பேர். நானும் மறைத்தவன்தான். அவர் திட்டவில்லை, லேபிளைக் காட்டச் சொன்னார். லேபிள் இல்லாத டப்பா என்றதும்தான் திட்டினார்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 60 வயதில் 3.2 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். 21 பக்கம் இருக்கும். டயாலிசிஸ் நாளைக்கே இல்லை, ஆனால் தயாராகிற காலம் இது. வலது கைக்காரர் என்றால் இடது கையில் ரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ விடாதீர்கள். பின்னால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைப்பது) போட அந்த ரத்தக்குழாய் வேண்டும், போட்ட பிறகும் அது பயன்படுத்தத் தயாராக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியையும் இப்போதே கேளுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபன் வேண்டாம். அந்த 48 நாள் இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று வீட்டில் அழுத்தினால், மருந்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுத்தில் தருவார்களா, பழைய மாத்திரைகள் தொடரலாமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பாதி இடங்களில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கேள்வியில் கிரியேட்டினின் எழுதியிருக்கிறீர்கள், பொட்டாசியம் எழுதவில்லை. இன்றைக்கே ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 6ஐத் தாண்டியிருந்தால் இந்தப் பதிலை அப்புறம் படிக்கலாம், முதலில் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.