கோட்டைக்கு எதிரே இருக்கும் மலை

அன்புள்ள ஐயா,

எனக்குக் குடியாத்தம். கைத்தறி லுங்கி வியாபாரம். மகள் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்து தொல்லியல் படிக்கப் போகிறாளாம், அதிலும் போர் நடந்த நிலங்களை ஆராயப் போகிறாளாம். "கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு துறை உண்டா? அதில் இருப்பவர்கள் என்னதான் செய்வார்கள்? சோறு போடுமா? நீங்கள் வேலூர்க்காரர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

துறை உண்டு. உங்கள் மகளை ஒரு நாள் வேலூர் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே நுழைவதற்கு முன்னால் கோட்டைக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லுங்கள். சைதாப்பேட்டைக்குப் பின்னால் எழும் மலைகளின் மேல் மதில் துண்டுகள் தெரியும். நாம் எல்லோரும் 133 ஏக்கர் கோட்டையையும் அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். மலையை யாரும் பார்ப்பதில்லை. அவள் படிக்க ஆசைப்படும் படிப்பு அந்த மலையில்தான் தொடங்குகிறது.

1677இல் மராத்தியர் இந்தக் கோட்டையை வளைத்தார்கள். பீஜப்பூர் ஆட்கள் உள்ளே ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, 1678இல்தான் விட்டுக்கொடுத்தார்கள். முதலைகள் நிறைந்த அகழியை நீந்திக் கடப்பது நடக்கிற காரியமா? மலைமேல் இடம் பிடித்தார்கள். சஜ்ரா, கோஜ்ரா என்று மராத்தியக் குறிப்புகள் சொல்லும் மலைக்கோட்டைகள் அப்படி வந்தவை. நான் ஒருமுறை மேலே ஏறியபோது, கீழே மதிலில் நடந்துபோன ஒருவரைப் புள்ளியாக வெகுநேரம் கண்ணால் தொடர முடிந்தது. காவல் எப்போது மாறுகிறது, மாடு எந்த வாசலில் நுழைகிறது, எல்லாம் அங்கிருந்து தெரியும். பக்கத்தில் ஒரு பாறைக்குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. இந்தத் தண்ணீர் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வரும்? வற்றினால் எந்தப் பாதையில் இறங்கியிருப்பார்கள்? அவள் தொழிலில் அன்றாடம் கேட்கப் போகிற கேள்விகள் இந்த மாதிரிதான்.

அப்புறம், வடஆற்காட்டில் மட்டும் ஏன் இத்தனை போர் என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடி இறந்தான். சரியாக 800 வருடம் கழித்து, 1749இல், ஆம்பூரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் இறந்ததும் யானைமேல்தான். முதல் போரில் அம்பும் ஈட்டியும், இரண்டாவதில் பிரெஞ்சுத் துப்பாக்கி. ஆயுதம் மாறியது, நிலம் மாறவில்லை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கடற்கரைச் சமவெளிக்கு இறங்கும் வழி பாலாற்றை ஒட்டித்தான் போகிறது. ஆம்பூருக்குப் பக்கத்தில் மலைகள் நெருங்கி வரும் இடத்தில் அரண் எழுப்பித்தான் அன்வருதீன் எதிரியை மறித்தார். இன்று பெங்களூர் நெடுஞ்சாலையும் ரயிலும் அந்த இடுக்கு வழியாகவே போகின்றன. நீங்கள் வியாபாரத்துக்குப் போகிற வழிதான்.

நிலத்தை இப்படிப் படிக்கும்போது போர்க் கதையே மாறிவிடுகிறது. 1780 முதல் 1782 வரை ஹைதர் அலியின் படை வேலூரைச் சூழ்ந்திருந்தது. உள்ளே ஆங்கிலேயப் படை பட்டினியின் விளிம்பில் இருந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அரிசி மூட்டைகளோடு வந்தார். அந்த வண்டிகளும் மாடுகளும் சேற்று நிலத்தைக் கடக்கும் நேரம் பார்த்து ஹைதர் தாக்கினார். எந்த இடத்தில் மாடு மெதுவாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரிசி வந்து சேர்ந்ததால்தான் கோட்டை விழவில்லை. இந்தச் சம்பவத்தை ஆராய வருபவர் பீரங்கியைத் தேட மாட்டார். பழைய ஏரி எங்கே, கால்வாய் எங்கே, எந்த வயல் ஜனவரியில் ஈரமாக இருக்கும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு நடப்பார்.

1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியையும் இப்படிப் பார்க்கலாம். ஆற்காட்டில் குதிரைப்படை இருந்தது. தூரம் 16 மைல்தான். அதன் ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி அன்று காலையே வந்து புரட்சியை அடக்கிவிட்டார். அந்த 16 மைல் 60 மைலாக இருந்திருந்தால் நம் பாடப்புத்தகத்தில் வேறு பக்கம் இருந்திருக்கும்.

உலகத்தில் இந்தத் துறைக்கு ஒரு பெரிய திருப்பம் அமெரிக்காவில் வந்தது. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் பூர்வகுடிகளோடு நடந்த போரில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அழிந்தது. அந்த இடத்தில் 1983இல் புல்லில் தீ பிடித்துத் தரை வெளியே தெரிய, அடுத்த இரண்டு வருடம் உலோகம் காட்டும் கருவிகளோடு அடி அடியாக நடந்தார்கள். ஒவ்வொரு தோட்டா உறையையும் கிடந்த இடத்திலேயே குறித்தார்கள். துப்பாக்கியின் ஊசி உறையில் பதிக்கும் தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும் என்பதால், ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது. ஒரு ஈயக்குண்டை யாரோ பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அந்தத் தகவல் அத்தோடு போயிற்று. அதனால் உங்கள் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கிடப்பதை எடுக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் கருவி கொண்டு தேடவும் கூடாது. சட்டமும் இடம் கொடுக்காது.

இந்தத் தொழிலுக்கு ராணுவத்திலிருந்தே வந்தவர்கள் உண்டு. பம்பாயில் பிறந்த கிராஃபோர்ட் முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து எதிரி நிலத்தை வேவு பார்த்தவர். 1920இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறையில் தொல்லியல் அலுவலர் ஆனார். வானத்திலிருந்து பயிரின் நிற வேறுபாட்டைப் பார்த்தே மண்ணுக்கடியில் புதைந்த அகழிகளைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலரும் பீரங்கிப் படை அதிகாரிதான்.

சரி, சோறு. ஒளிக்காமல் சொல்கிறேன். "போர்நிலத் தொல்லியலாளர்" என்று எந்த அலுவலகமும் ஆள் எடுப்பதில்லை. முதலில் தொல்லியலாளர் ஆக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புனே டெக்கான் கல்லூரியிலும் படிக்கலாம். மாநிலத் தொல்லியல் துறை முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. மத்தியத் துறையின் இரண்டு வருடப் படிப்பு கிரேட்டர் நொய்டாவில். வேலை என்றால் இந்த இரண்டு துறைகள், அருங்காட்சியகம், கல்லூரி. இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். வீட்டில் நாலைந்து வருடம் தாங்கிப் பிடிக்க முடியுமா என்பதை நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு யோசனை மட்டும் சொல்வேன்: பாரசீகமோ, மராத்தியை அந்தக் காலத்தில் எழுதிய 'மோடி' என்ற எழுத்தோ அவள் கற்றுக்கொள்ளட்டும். நவாபு காலத்து, மராத்தியர் காலத்துத் தாள்களைப் படிக்கத் தெரிந்து, மலையும் ஏறத் தெரிந்தவர்கள் நம் பக்கம் மிகக் குறைவு. அந்த ஆள் தேவைப்படுவார்.

எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளைவ் 50 நாள் முற்றுகையில் இருந்த ஆற்காட்டுக் கோட்டையில் டெல்லி கேட்டைத் தவிரப் பார்க்க அதிகம் மிச்சமில்லை. செங்கம் பக்கத்தில் ஆநிரை மீட்டுச் செத்தவர்களுக்கு நட்ட நடுகற்களை ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அதனாலேயே பல கற்கள் நட்ட இடத்திலேயே இருக்கின்றன. கும்பிட ஆள் இல்லாத கல் சாலை போடும்போது புரண்டுவிடுகிறது. எந்த இடத்தில் மாட்டை மடக்கினார்கள், எந்தப் பக்கம் ஓட்டினார்கள் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கல் நிற்கும் இடம். அதைக் குறித்துவைக்க, நடக்கத் தயாராக இருக்கும் ஆட்கள் வேண்டும். உங்கள் வீட்டில் ஒருத்தி தானாக முன்வருகிறாள் என்று படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதித் தீராது.

மழை முடிந்து, தை பிறந்து புல் காய்ந்ததும் சொல்லுங்கள். விடியற்காலையில் சைதாப்பேட்டைப் பக்கமிருந்து ஏறலாம், நானும் வருகிறேன். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், நல்ல செருப்பு, அவளுக்கு ஒரு நோட்டு.

அன்புடன்.