எலியின் ஆறு வளையங்கள், மனிதச் சட்டகம்: வாசகர் கேள்வி-பதில்

அம்மாவின் மார்பகப் புற்றுக்கு டிராஸ்டுசுமாப் ஊசி எழுதியிருக்கிறார்கள். எலியிலிருந்து வந்ததாமே, உடம்பு ஏற்குமா? (வாசகி, பாலக்கோடு)

பயப்படாதீர்கள். இந்த மருந்து ஓர் எதிர்பொருள், அதாவது குறிப்பிட்ட இலக்கைத் தேடிப் பிடிக்கும் நோய் எதிர்ப்புப் புரதம். அதன் மூல வடிவம் எலியில் கிடைத்தது உண்மைதான். ஆனால் ஊசியில் இருப்பதில், இலக்கைப் பிடிக்கும் ஆறு வளையங்களும் அவற்றைத் தாங்கும் ஒருசில அமினோ அமிலங்களும்தான் எலியுடையவை. வளையங்களைத் தாங்கும் சட்டகம் உட்பட மற்றதெல்லாம் மனிதப் புரதம். முழு எலி எதிர்பொருளாக இருந்தால் நம் உடம்பு அதையே எதிரியாக நினைத்து விரட்டும். பென்னாகரம் பக்கம் பாம்புக்கடிக்குப் போடும் குதிரைச் சீரம் சிலருக்கு ஒவ்வாமல் போவதும் அயல் புரதம் என்பதால்தான். இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும். இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

எலியின் வளையங்களை வெட்டி மனிதச் சட்டகத்தில் ஒட்டினால் போதாதா? படிக அமைப்பு (புரதத்தைப் படிகமாக்கிக் கண்டறியும் முப்பரிமாண வடிவம்) எதற்கு? (எம்.எஸ்சி. மாணவர், கிருஷ்ணகிரி)

போதாது. இந்தத் துறையின் உயிர்நாடியே இதுதான். 1986-இல் கேம்பிரிட்ஜில் கிரெக் வின்டர் குழு வளையங்களை மாற்றி நட்டுக் காட்டியது. டிராஸ்டுசுமாப்பிலும் முதலில் அப்படித்தான் செய்தார்கள், பிடிமானம் படுத்துவிட்டது. பிறகு சட்டகத்தில் சில இடங்களில் எலியின் அமினோ அமிலங்களையே திரும்ப வைத்தார்கள். 1992-இல் வெளியான இறுதி வடிவம், வெறும் வளைய மாற்றத்தைவிட 250 மடங்கும், மூல எலி எதிர்பொருளைவிட 3 மடங்கும் இறுக்கமாகப் பிடித்தது.

எதிர்பொருளின் இருவகைச் சங்கிலிகளில் பெரியதான கன சங்கிலியின் 71-ஆம் இடத்தைப் பாருங்கள். மனிதச் சட்டகத்தில் அங்கே பெரிய ஆர்ஜினின். எலியில் சிறிய அலனின். இரண்டாம் வளையம் அதன்மேல்தான் சாய்ந்திருக்கிறது. அடியில் இருப்பது பருத்தால் வளையம் வேறு பக்கம் திரும்பிவிடும். இப்படிப்பட்ட இடங்களைக் கணினி மாதிரியை வைத்துக் கணித்தார்கள். அந்தக் கணிப்பு எவ்வளவு சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க, 1993-இல் இந்த மனிதமயமாக்கிய எதிர்பொருளின் மூன்று வடிவங்களுக்குப் படிக அமைப்பு வந்தது. அமினோ அமில வரிசையை எத்தனை முறை படித்தாலும் இந்தச் சாய்வு கண்ணில் படாது.

பப்பாளிப் பாலால் எதிர்பொருளை வெட்டலாமாமே? (விவசாயி, ஊத்தங்கரை)

ஆமாம். அந்தப் பாலிலுள்ள பப்பெயின் நொதியைக் கொண்டு 1959-இல் ரோட்னி போர்ட்டர் முயல் எதிர்பொருளை மூன்று துண்டாக்கினார். 1972-இல் நோபல் பரிசு பெற்றார். முழு எதிர்பொருளின் எடை சுமார் 1,50,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), நடுவில் ஆடும் கீல் வேறு. அதைப் படிகமாக்குவது பெரும்பாடு. வெட்டினால் கிடைக்கும், இலக்கைப் பிடிக்கும் 50,000 டால்டன் ஃபேப் துண்டு அவ்வளவு படுத்தாது.

இந்தப் படிக அமைப்பை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா? (மாணவி, அரூர்)

புரதத் தரவு வங்கியில் இலவசம். 1என்8இசட் (1N8Z) என்ற கோப்பில் டிராஸ்டுசுமாப்பின் ஃபேப் துண்டு அதன் இலக்கான ஹெர்2 புரதத்தைப் பிடித்தபடி இருக்கும். மேலே சொன்ன 71 என்பது எதிர்பொருள்களுக்கென உள்ள கபாத் எண்முறைப்படி. தொடக்கத்திலிருந்து வரிசையாக எண்ணினால் அந்த அலனின் 72-ஆவதாக வரும்.