அவர் வரவில்லை, வேம்பு பூத்துவிட்டது

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். இந்த வருடம் மார்ச் கடைசியில் அவனிடம் போயிருந்தபோது செர்ரி பூக்கும் நாட்கள் வாய்த்தன. ஆற்றங்கரை முழுவதும் வெளிர் ரோஜா நிறம். மரத்தடியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் காற்றடித்ததும் இதழ்கள் மழையாகக் கொட்டின. யாரும் எழுந்து போகவில்லை, பேச்சு மட்டும் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கை இவ்வளவுதான் என்பதை ஒரு தேசமே கூடியிருந்து பார்க்கிறது. நாம் பூவைத் தொடுக்கிறோம், சாமிக்குப் போடுகிறோம், தலையில் வைக்கிறோம். அது உதிர்வதை நின்று பார்த்த கவிதை நம்மிடம் உண்டா? ஊர் திரும்பினால் வாசலெல்லாம் வேப்பம்பூ. பெருக்கித் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் தேடும் பூ உங்கள் வாசலில்தான் கிடந்திருக்கிறது. குறுந்தொகையின் 24ஆம் பாட்டு, பரணர் பாடியது, இப்படித் தொடங்குகிறது:

கருங்கால் வேம்பின் ஒண்பூ யாணர்
என்ஐ இன்றியும் கழிவது கொல்லோ

கரிய அடிமரத்து வேம்பின் ஒளிரும் பூக்களின் புதுவரவு, என் தலைவன் இல்லாமலும் கழிந்துபோய்விடுமோ என்று கேட்கிறாள், அவனைப் பிரிந்திருக்கும் தலைவி. 'யாணர்' என்றால் புது வருவாய். விளைச்சலுக்கும் புதுப்புனலுக்கும் சங்கப் புலவர்கள் ஆசையோடு எடுக்கும் சொல் அது. அந்தச் சொல்லில் முதல் அடி முடிகிறது. அடுத்த அடியிலேயே 'கழிவது' வந்துவிடுகிறது. வரவுக்கும் கழிவுக்கும் நடுவே இருப்பது 'என்ஐ இன்றியும்' மட்டும். அந்த 'உம்'மில் சற்று நின்று பாருங்கள். 'இன்றி' என்று சொன்னால் அது செய்தி. 'இன்றியும்' என்றால், அவன் இல்லாதபோது இந்த மரம் பூக்கலாமா, பூத்தது உதிரலாமா என்ற வழக்கே அதில் இருக்கிறது.

பாட்டின் மிச்சம் இன்னும் கடுமையானது. ஆற்றோரத்து அத்தி மரத்திலிருந்து விழுந்த ஒரே ஒரு பழம், அதை மிதித்துக் குழைக்கும் ஏழு நண்டுகள். வம்பு பேசும் ஊர்ப்பெண்களின் நாவில் அகப்பட்டு அவள் அப்படிக் குழைகிறாள். மேலே வேம்பு பூத்துக்கொண்டிருக்கிறது, கீழே பழம் மிதிபடுகிறது.

இளவேனிலுக்கென்றே பத்துப் பாட்டுகள் ஐங்குறுநூற்றில் இருக்கின்றன, 341 முதல் 350 வரை. ஒவ்வொன்றும் மூன்றே அடி. ஓதலாந்தையார் பாடியவை. இளவேனிலில் வருவேன் என்று சொல்லிப்போனவன் வரவில்லை. பத்துப் பாட்டுக்கும் முதல் அடி ஒன்றேதான்: 'அவரோ வாரார் தான்வந் தன்றே.' அவரோ வரவில்லை, இளவேனில் வந்துவிட்டது. பிறகு வரிசையாகக் கோங்கம் முகை உடைகிறது, பாதிரி அலர்கிறது, புன்கு பொரிபோலப் பூக்கிறது, மா தளிர்க்கிறது. பத்தாவது பாட்டில் 'வேம்பின் ஒண்பூ உறைப்ப' என்கிறார். உறைத்தல் என்றால் துளியாக விழுதல். கோங்கத்தின் முகையில் உடைந்த பருவம் வேம்பு உதிர்வதில் வந்து நிற்கிறது, முதல் அடி மட்டும் மாறவே இல்லை. இந்தப் பத்தையும் ஒரே மூச்சில் வாய்விட்டுப் படியுங்கள். ஐந்தாவது பாட்டுக்கு மேல் அந்த முதல் அடியைச் சொல்லவே நாக்குத் தயங்கும்.

இதே ஓதலாந்தையார் குறுந்தொகை 21இல் வேறொருத்தியைப் பேசவைத்திருக்கிறார். புதுக்கொன்றை பூத்த காடே 'கார்காலம் வந்துவிட்டது' என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், கார்காலத்தில் வருவேன் என்ற அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள் அவள். காதலனைக் காப்பாற்றப் பூவைப் பொய்யாக்கிவிடுகிறாள்.

நீங்கள் பார்த்ததைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கொகின்ஷூ என்ற ஜப்பானியக் கவிதைத் தொகுப்பில், இவ்வளவு அமைதியான வசந்த நாளில் இந்தப் பூக்கள் மட்டும் ஏன் மனம் நிலைகொள்ளாமல் உதிர்கின்றன என்று கி நோ தொமோனொரி என்ற கவிஞர் கேட்கிறார். பரணர் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அந்தப் பழைய கவிஞர்கள் பார்த்தவை பெரும்பாலும் மலைச்செர்ரிகள். இன்று நகரங்களில் பரவலாக நிற்பது சோமெய் யோஷினோ என்ற வகை. அத்தனை மரங்களும் ஒட்டுக்கட்டி வளர்த்தவை, மரபணுவில் எல்லாம் ஒரே மரம். அதனால்தான் ஓர் ஊர் முழுக்க ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டுகிறது. நம் வேம்பு பெரும்பாலும் பறவை போட்ட விதையில் தானாக முளைத்தது. உங்கள் தெருவில் இது பூத்து ஓய்ந்தபின் அது பூக்கும்.

உதிர்வதே அழகு என்று ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கும்போது எனக்கு அச்சம் வருகிறது. 1945இல் ஜப்பானியக் கடற்படை போரில் இறக்கிய ஒரு தற்கொலை விமானத்தின் பெயர் ஓகா. செர்ரிப் பூ என்று பொருள். தாய்விமானத்திலிருந்து கழற்றி விடுவார்கள், உள்ளே உட்கார்ந்த இளைஞன் திரும்பி வர வழியே கிடையாது. செர்ரி மரத்துக்கும் தொமோனொரிக்கும் இதில் பங்கில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம் குறுந்தொகைப் பெண்ணை நான் இதனால்தான் இறுகப் பிடித்துக்கொள்கிறேன். உதிர்வதற்கு அவள் சம்மதிக்கவில்லை. இது கழிவதற்குள் நீ வந்துவிடு என்கிறாள்.

எங்கள் வீட்டில் பங்குனி பிறந்ததும் அம்மா இரவில் வேப்பமரத்தடியைப் பெருக்கி ஒரு பழைய பருத்திப் புடவையை விரித்துவைப்பாள். விடியற்காலையில் அதன்மேல் பொடிப்பொடியாக வெண்பூ கிடக்கும். ஐந்து இதழும் நடுவில் சின்னக் குழலுமாக, அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. புடவையை அப்படியே நான்கு மூலையும் சேர்த்துத் தூக்கி, காம்பு பொறுக்கி, முறத்தில் காயவைப்பாள். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப்பூ, மற்றது தகர டப்பாவில். மழைக்காலத்தில் நெய்யில் வறுத்து ரசத்தில் போடும்போது அந்தக் கசப்பு வாசனை கூடம் வரைக்கும் வரும்.

அம்மா ஒரு மாசி மாதம் போய்விட்டாள். பங்குனியில் மரம் பூத்தது. யாருக்கும் புடவை விரிக்கத் தோன்றவில்லை. பூ மண்ணில் விழுந்து, மிதிபட்டு, பழுப்பாகிப்போனது. 'இன்றியும்' என்ற சொல்லை அதற்கு முன் நான் எத்தனையோ முறை படித்திருந்தேன். அன்று வாசலில் நின்றபோதுதான் அது எனக்குக் கேட்டது. டப்பாவில் முந்தைய வருடத்துப் பூ பாதிக்கு மேல் இருந்தது. அவள் காயவைத்தது. ஐப்பசி வரை அந்த ரசம் சாப்பிட்டோம்.

உங்கள் மரத்தில் இன்னும் பூ இருந்தால் இன்றிரவு ஒரு புடவையை விரித்து வையுங்கள். மகனுக்கு ஒரு பொட்டலம் அனுப்பலாம்.

அன்புடன்.