வேரில் மாவு இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான்கு வருடமாக ஒரே கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எழுதுவேன், பிடிக்காது, கிழிப்பேன். படிப்பவர்கள் சிரிப்பார்களோ என்று பயம். அன்று முழுக்க என்னையே திட்டிக்கொள்வேன். குறையில்லாமல் எழுத தினமும் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

எம்., கோத்தகிரி

அன்புள்ள எம்.,

நேரக் கணக்கை விடுங்கள். பள்ளி முடிந்து கிடைக்கிற நேரம் போதும். கிழிப்பதைப் பற்றித்தான் பேச வேண்டும். எங்கள் வீட்டு எதிர்ச் சரிவில் இரண்டு வாரமாகக் கவாத்து, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடும் வேலை, நடக்கிறது. என் மனதிலும் அதுவேதான் ஓடுகிறது.

என் அப்பா குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவர். நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறைதான் கவாத்து. அதற்கும் முன்னால் சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடியை ஓய்வாக விடுவார்கள். பிறகு பென்சில் கனத்தில் ஒரு வேரைத் தோண்டி எடுத்து, நறுக்கி, அயோடின் விடுவார்கள். வெட்டுமுகம் கருநீலமானால் வேரில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது, கத்தி வைக்கலாம். நிறம் மாறாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். இலையெல்லாம் போன செடிக்குத் துளிர்விடத் தேவையான சாப்பாடு வேரில்தானே இருக்கிறது? அது இல்லாமல் வெட்டினால் கிளை காய்ந்துபோகும், சில செடி செத்தும் போகும். அந்த வேர்த்துண்டு கறுப்பதை அப்பாவின் உள்ளங்கையில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகுதான் அவர் கத்தி தீட்ட உட்காருவார். தண்ணீர் தேங்காதபடி வெட்டு சாய்வாக விழ வேண்டும். எங்காவது பிளந்துவிட்டால் கொஞ்சம் கீழே இறக்கி வெட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்.

நீங்கள் வாராவாரம் கவாத்து வெட்டுகிறீர்கள். வேரை ஒரு நாளாவது பார்த்தீர்களா? இதை உழைப்பு என்று நினைக்காதீர்கள் அம்மா, இது கொடுமை. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அழித்து அழித்துத் தாளைக் கிழித்துவிட்டு அழுதால் இப்படித் திட்டுவீர்களா? மடியில் உட்காரவைத்து வேறு தாள் கொடுப்பீர்கள்.

சிரிப்பார்கள் என்கிறீர்கள். 1991இல் ஹெவிட், ஃப்ளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் குறையே இருக்கக் கூடாது என்கிற இந்தப் பிடிவாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. உங்களுடையது மூன்றாவது. யார் அந்தப் பிறர்? உங்கள் கதையை இன்னும் ஒருவரும் படிக்கவே இல்லையே.

சரி, ஒரு மாதம் அதைத் தொடாதீர்கள். நன்றாகத் தூங்குங்கள், பிடித்ததைப் படியுங்கள். அப்புறம் பிளந்த வெட்டோடு அப்படியே எனக்கு அனுப்புங்கள்.