லஷ்கரை அவர்கள் தடை செய்தார்கள், ஹமாஸை நாம்?

கேள்வி: மும்பைத் தாக்குதலை நடத்திய லஷ்கர்-இ-தொய்பாவை இஸ்ரேல் தடை செய்துவிட்டது. பதிலுக்கு ஹமாஸைத் தடை செய்யுங்கள் என்று இஸ்ரேல் தூதரே கேட்டும் இந்தியா வாயைத் திறக்கவில்லை. பயங்கரவாதத்தால் இவ்வளவு அடிபட்ட நாடு இப்படி நழுவலாமா? யாருக்குப் பயப்படுகிறோம்?

– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் தேதிகளைப் பாருங்கள். மும்பைத் தாக்குதல் தொடங்கியது 2008 நவம்பர் 26. கொல்லப்பட்ட 166 பேரில் நாரிமன் ஹவுஸில் இருந்த யூதர்களும் உண்டு. லஷ்கரை இஸ்ரேல் தன் பட்டியலில் சேர்த்தது 2023 நவம்பர் 21. நடுவில் 15 வருடம். ஐ.நா. 2005-லேயே பட்டியலில் சேர்த்த அமைப்பு அது. அத்தனை காலம் அவசரப்படாதவர்களுக்கு, 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் தங்களைத் தாக்கி ஆறு வாரம் கழித்து மும்பை ஞாபகம் வந்திருக்கிறது. ‘இந்திய அரசு எங்களிடம் கேட்கவில்லை, இருந்தும் செய்கிறோம்’ என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதிய கையோடு, ‘நான் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை’ என்று ஒருவர் மைக்கில் சொன்னால் என்ன அர்த்தமோ, இதற்கும் அதுதான் அர்த்தம். மொய் நோட்டில் பேர் ஏறிவிட்டதே, திருப்பிச் செய்ய வேண்டாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

அன்றைக்குப் பாலஸ்தீன அமைப்பான ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனது பயங்கரவாதம்தான். அதற்குப் பின் காஸாவில் நடந்தவற்றைக் காட்டி அதை நியாயப்படுத்த முடியாது. பிரதமர் மோடியும் அன்றைக்கே அப்படித்தான் சொன்னார். ஆனால் ஒரு செயலைப் பயங்கரவாதம் என்று கண்டிப்பது வேறு, ஓர் அமைப்பின் பெயரைச் சட்டத்தின் அட்டவணையில் ஏற்றுவது வேறு.

அந்தச் சட்டம் நம் ‘உபா’, அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். ஓர் அமைப்பு பயங்கரவாதத்தில் ஈடுபடுகிறது என்று மத்திய அரசு கருதினால் போதும், கெஜட்டில் ஓர் அறிவிப்பு போட்டு முதல் அட்டவணையில் சேர்த்துவிடலாம். கோர்ட் வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம். இவ்வளவு சுலபமான காரியத்தைச் செய்யாமல் இருந்தால், அரசு வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறது என்றுதான் பொருள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வெட்கப்படுகிறார்கள். 2023 டிசம்பரில் மக்களவையில் கேரளத்துக் காங்கிரஸ் உறுப்பினர் சுதாகரன் இதே கேள்வியைக் கேட்டார். சம்பந்தப்பட்ட துறைகள் சட்டப்படி பரிசீலிக்கும் என்று வழவழவென்று ஒரு பதில் வந்தது. பதிலுக்குக் கீழே வெளியுறவுத் துறை இணையமைச்சர் மீனாட்சி லேகியின் பெயர். அவரோ, ‘அப்படி எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடவில்லை’ என்று எல்லோரும் பார்க்கவே பதிவு போட்டார். அப்புறம் அமைச்சகம் வந்து, அங்கே இன்னோர் இணையமைச்சர் முரளீதரன் பெயர் இருந்திருக்க வேண்டும், தொழில்நுட்பத் திருத்தம் என்று சமாளித்தது. ‘பரிசீலிப்போம்’ என்று சொல்லும் ஒரு தாளுக்கே இந்தப் பாடு!

சரி, உண்மையான காரணம் என்ன? கத்தார் தலைநகர் தோஹா. ஹமாஸின் அரசியல் தலைவர்கள் வருடக்கணக்காக இருப்பது அங்கேதான். அப்போதைய இஸ்ரேல் தூதர் நவோர் கிலோன் தில்லியில் செய்தியாளர்களிடம் ‘ஹமாஸைத் தடை செய்யும் நேரம் வந்துவிட்டது’ என்று சொன்னது 2023 அக்டோபர் கடைசி வாரம். அதே வாரம் கத்தார் நீதிமன்றம் நம் முன்னாள் கடற்படை வீரர்கள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்த நேரத்தில் தில்லியில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்? தண்டனை குறைந்து, 2024 பிப்ரவரியில் அவர்கள் விடுதலையானார்கள். வளைகுடாவில் நம் ஆட்கள் ஏறக்குறைய 90 லட்சம் பேர் இருக்கிறார்கள், அதில் உங்கள் மாவட்டத்துக்காரர்களும் நிறைய. எரிவாயுவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்ப்பதைப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இஸ்ரேலுக்குத் துணையாக நிற்கும் அமெரிக்காவின் கதையைப் பாருங்கள். ஹமாஸை அது தடை செய்தது 1997-ல். 2025 மார்ச்சில் டிரம்பின் தூதர் ஆடம் போலர் அதே ஹமாஸோடு தோஹாவில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார், பிணைக்கைதிகளை மீட்பதற்காக. பேசியது தப்பில்லை, நான் கூடப் பேசச் சொல்லித்தான் எழுதியிருப்பேன். சிரியாவின் அதிபர் அகமது அல்-ஷரா விஷயம் இன்னும் வேடிக்கை. தலைக்கு 1 கோடி டாலர் விலை வைக்கப்பட்ட ஆள், 2025 நவம்பரில் வெள்ளை மாளிகைக்குள் விருந்தாளியாகப் போய் வந்தார். முன்வாசலில் பூட்டுத் தொங்கினாலும் புழக்கடைச் சாவி அவர்கள் இடுப்பிலேயே இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு சாவி கிடையாது.

நாமும் இந்த ஆட்டத்தில் சும்மா இருந்தவர்கள் இல்லை. பாகிஸ்தானின் ஜெய்ஷ்-இ-முகமது தலைவர் மசூத் அசாரை ஐ.நா. பட்டியலில் ஏற்ற 10 வருடம் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றோம். சீனா ‘தொழில்நுட்பக் காரணம்’ சொல்லித் திரும்பத் திரும்பக் கட்டையைப் போட்டது. 2019 மே 1 அன்றுதான் காரியம் கைகூடியது. சீனாவுக்கு அசார் நல்லவர் என்ற எண்ணமா? பாகிஸ்தானோடு அதற்கு வேறு கணக்கு, அவ்வளவுதான். அப்போது நாம் கொதித்தோம். இப்போது நம் கணக்கைக் காட்டி இன்னொருவர் கொதிக்கிறார்.

இதுவரை சொன்னது வெளிநாட்டுக் கணக்கு. எனக்கு அதைவிடக் கவலை தரும் சங்கதி உள்ளூரில் இருக்கிறது.

ஹமாஸுக்கு இந்தியாவில் அலுவலகம் கிடையாது. இங்கே தடை விதித்தால் காஸாவில் இருப்பவனுக்கு எதுவும் ஆகாது. அது விழப்போவது இங்கே கூட்டம் போடுகிறவர் தலையில். உபாவின் 39-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தடை செய்த அமைப்புக்கு ஆதரவு திரட்டினால், அதற்காகக் கூட்டம் ஏற்பாடு செய்தால், கூட்டத்தில் பேசினால் 10 ஆண்டு வரை சிறை. ஜாமீனும் லேசில் கிடைக்காது. பாலஸ்தீனத்துக்காகக் கொடி பிடிக்கும் கல்லூரி மாணவனுக்கும் ஹமாஸுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு இன்ஸ்பெக்டர் பொறுமையாக ஆராய்ந்து பார்ப்பார் என்று நம்புகிறீர்களா?

நமக்குத் தெரியாத விஷயமா இது? 2002 ஜூனில் திருமங்கலம் கூட்டத்தில் வைகோ விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலையில் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது விமான நிலையத்திலேயே கைது, அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் வழக்கு. ஒரு மேடைப் பேச்சுக்காக வேலூர் சிறையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தார். அந்தப் பொடா சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்த கூட்டணியில் அவருடைய ம.தி.மு.க.வும் இருந்தது. அது நம் மீதே பாயும் என்று அப்போது யார் நினைத்தார்கள்? பயங்கரவாதத்தை வளர்க்கும் நோக்கம் இல்லாத வெறும் வாய்வார்த்தை ஆதரவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது 2003 டிசம்பரில். அப்போதும் வைகோ உள்ளேதான் இருந்தார். பொடா போய்விட்டது, அதன் சரக்கில் பெரும்பகுதி உபாவுக்குள் குடியேறிவிட்டது.

பட்டியலில் ஒரு பெயரை ஏற்றுவது ஒரு நாள் வேலை. இறக்குவதோ? முள்ளிவாய்க்காலோடு முடிந்துபோன புலிகள் இயக்கத்தின் மீதான தடையை 2024 மேயில் இன்னும் 5 ஆண்டுக்கு நீட்டித்தார்கள்.

உங்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. நீங்கள் அதை எழுதவில்லை, நானே எழுதுகிறேன். 2025 பிப்ரவரி 5 அன்று, பாகிஸ்தான் பிடியில் உள்ள காஷ்மீரின் ராவல்கோட்டில் நடந்த கூட்டத்தில், லஷ்கர், ஜெய்ஷ் ஆட்களோடு ஒரே மேடையில் ஹமாஸ் பிரதிநிதியும் கலந்துகொண்டதாகச் செய்திகள் வந்தன. அது வெறும் மேடைப் பழக்கமா, அல்லது பணம், பயிற்சி, ஆயுதம் என்று போகிறதா என்பதை உளவுத் துறை தோண்டிப் பார்க்கட்டும். போகிறது என்று ஆதாரம் கிடைத்தால், அன்றைக்கே தடை செய்யலாம். கத்தார் கோபித்துக்கொண்டாலும் செய்யலாம், நான் எதிர்த்து ஒரு வரி எழுத மாட்டேன். அதுவரைக்கும் அரசு மக்களவையிலேயே, ‘எங்களுக்கு இப்போது இது தேவைப்படவில்லை’ என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்தத் தாளில் கையெழுத்து யாருடையது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளட்டும்.