கொழும்புப் பட்டறையில் பித்தளைக்கு எந்த எண்ணெய்?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அனுப்பர்பாளையத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு பிரஸ் பட்டறையில் சேர்ந்திருக்கிறீர்கள். 70/30 பித்தளைத் தகட்டில், அதாவது செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் உள்ள தகட்டில், விளக்குக் கிண்ணம் இழுக்கிறீர்கள். முதல் டையில் (தகட்டை உள்ளே அழுத்திக் கிண்ணமாக்கும் அச்சில்) வேலை நன்றாக வருகிறது. இரண்டாவது டையில் கிண்ணம் பிடித்துக்கொள்கிறது, பக்கத்தில் நெடுகக் கோடு விழுகிறது, சிலது அடியோடு பிய்ந்து வருகிறது. ஒழுங்காக வந்ததும் பெட்டியில் கிடக்கும்போதே கறுத்து, பச்சை பிடிக்கிறது. ஊரில் தேங்காயெண்ணெயில் பழைய எஞ்சின் ஆயில் கலந்து தடவினோம், இங்கே முதலாளி கியர் ஆயில் தருகிறார், இந்த ஊரில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தொழிலை வைத்துக்கொண்டு இங்கே நிலைக்க முடியுமா என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

நானும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன்தான். பித்தளை வேலை செய்தே கொட்டாஞ்சேனையில் குடும்பமாகிவிட்டேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கியர் ஆயிலை நிறுத்துங்கள். முதலாளி கெட்ட எண்ணத்தில் தரவில்லை. கெட்டியான எண்ணெய், பெரிய பாரம் தாங்கும் என்று நினைத்துத் தருகிறார். இரும்புத் தகட்டுக்கு அது சரி. ஆனால் அந்த எண்ணெயில் பாரம் தாங்குவதற்காகச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் செம்போடு சேர்ந்து கறுப்புப் படலம் உண்டாக்கும். பித்தளையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் செம்புதானே இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய கியர் பெட்டிக்கு அந்தச் சேர்மம் கூடிய ஜிஎல்-5 ரக எண்ணெய் ஊற்றாதே, குறைந்த ஜிஎல்-4 ஊற்று என்று சொல்வார்கள். உள்ளே பித்தளை வளையம் இருப்பதுதான் காரணம். உங்கள் கிண்ணம் கறுப்பதும் அதே சங்கதிதான்.

பழைய எஞ்சின் ஆயில் இன்னும் மோசம். அதில் மிதக்கும் கரித்தூளும் உலோகப் பொடியும் டையின் மினுக்கத்தைத் தின்றுவிடும். அதைவிட முக்கியம், நாள் முழுக்க அதில் கை வைத்திருந்தால் தோல் புற்றுநோய்வரை போகக்கூடியது. ஊர்ப் பழக்கம் என்பதற்காக அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

தேங்காயெண்ணெய் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், இங்கே எங்கும் கிடைக்கிற பொருள் என்பதால். ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில் உறையும் எண்ணெய் அது. கொழும்பின் வெக்கையில் வருடம் முழுக்கத் தண்ணீர்போல ஓடும், அழுத்தம் ஏறும்போது இடுக்கிலிருந்து பிதுங்கிவிடும். லேசான முதல் இழுப்புக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் இங்குள்ள ஈரக்காற்றில் அது மெல்ல உடைந்து கொழுப்பு அமிலத்தை விடும். அந்த அமிலம் செம்பைத் தொட்டால் பச்சைக் களிம்பு. ஊர்ப் பழக்கத்தில் இங்கேயும் தேங்காயெண்ணெய் தொட்டிருந்தால், உங்கள் பெட்டியில் பச்சை பிடிப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அனுப்பர்பாளையத்தின் காய்ந்த காற்றில் வாரக்கணக்கில் கழுவாமல் வைத்திருந்தாலும் தெரிந்திருக்காது. இங்கே, அதுவும் மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால், சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஆகவே, எது நன்றாக வழுக்கும் என்று மட்டும் பார்த்து எண்ணெய் எடுக்காதீர்கள். அமுக்கும்போது உலோகத்தை விட்டுப் போகாமல் நிற்கிறதா, வேலை முடிந்ததும் சுத்தமாகக் கழுவிப் போகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். கொழும்பில் இரண்டாவதுதான் பெரிய கேள்வி.

பெட்ரோலியத்திலிருந்து வரும் சுத்தமான மினரல் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், தகட்டை டைக்குள் தள்ளும் தண்டான பஞ்ச் இறங்கும்போது ஒதுங்கிவிடுகிறது. கொழுப்புள்ள எண்ணெய் அப்படி ஒதுங்காது. அதன் அமில முனை உலோகத்தின் மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய சவர்க்காரப் படலமாகிவிடும். எண்ணெயெல்லாம் பிதுங்கிப் போன பிறகும் அந்தப் படலம் டைக்கும் தகட்டுக்கும் நடுவில் நிற்கும். அதனால்தான் பித்தளை இழுப்பவர்கள் காலங்காலமாகச் சவர்க்காரக் கரைசல், மிருகக் கொழுப்பு, ஆமணக்கு எண்ணெயான விளக்கெண்ணெய், ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலின் ஆகியவற்றையே சுற்றிவந்திருக்கிறார்கள்.

இதே சிக்கல் உள்ள இன்னொரு கூட்டம் உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில், உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் திரும்ப ஒரு டைக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். நீங்கள் இழுக்கும் 70/30 கலவைக்குப் பெயரே தோட்டாப் பித்தளைதான். பூச்சு போதாவிட்டால் கூடு டைக்குள் சிக்கி, விளிம்பு பிய்ந்துவிடும். கூடிப்போனால் எண்ணெய் ஒதுங்க இடமில்லாமல் கூட்டின் தோளில் பள்ளம் விழும். அவர்களில் பலர் லனோலினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிக்கிறார்கள். ஒரு பங்குக்குப் பத்துப் பங்குபோல. ஆல்கஹால் ஆவியாகும்வரை காத்திருந்து பிறகுதான் டைக்குள் விடுவார்கள். மெல்லிய, சீரான படலம் மட்டும் மிஞ்சும். அந்த முறை உங்கள் இரண்டாவது இழுப்புக்கு அப்படியே பொருந்தும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பழைய பித்தளை என்று யாராவது தோட்டாக் கூடுகள் கலந்த மூட்டையைக் கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இந்த நாட்டில் துப்பாக்கிச் சட்டம் 1916-லிருந்தே இருக்கிறது, வெடிபொருள் சட்டம் 1956-லிருந்து. போரைக் கண்ட ஊர் இது. விசாவில் வந்த ஒரு தமிழ்ப் பையன் பையில் தோட்டாக் கூடு இருந்தால் விளக்கம் சொல்லி மீள்வது லேசல்ல. தகடு வாங்குங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாங்குவதற்கு வருவோம். முதல் இழுப்புக்குத் துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி வெந்நீரில் கரைத்துப் பாருங்கள். மலிவு, தண்ணீரிலேயே போய்விடும். இரண்டாவது இழுப்புக்கு என் தேர்வு விளக்கெண்ணெய். புறக்கோட்டையில் காபோஸ் லேன் பக்கம் நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. சிங்களத்தில் 'எண்டரு தெல்' என்று கேளுங்கள். தேங்காயெண்ணெய் 'பொல் தெல்', பித்தளை 'பித்தள', இவ்வளவு தெரிந்தால் கடைக்காரர் மீதியைப் புரிந்துகொள்வார். லனோலினை மருந்துக் கடையிலும் ரசாயனக் கடையிலும் விசாரியுங்கள். தூரிகை, தெளிப்பான், கைக்கருவியெல்லாம் பழைய சோனகத் தெருவில் கிடைக்கும். பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் ஞாயிறிலும் அந்தப் பக்கம் பல கடைகள் பூட்டியிருக்கும், அதைப் பார்த்துப் போங்கள்.

விளக்கெண்ணெயின் விசேஷம், அது மினரல் எண்ணெயோடு சரியாகச் சேராது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால் எஞ்சின் ஆயில் ஊற்றி நீர்க்க வைக்கப் பார்க்காதீர்கள். ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு நான்கு பங்கு ஐசோபுரோப்பைல் சேர்த்து நான் பயன்படுத்துகிறேன். 99 சதவீதம் உள்ளதாக வாங்குங்கள். கை துடைக்க விற்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் இருப்பதால் எண்ணெய் பிரிந்து நிற்கும். ஒன்று கவனம்: இது பெட்ரோலைப்போலத் தீப்பிடிக்கும். காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் கலக்கவோ தெளிக்கவோ கூடாது. லனோலின் இளகவேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கி, நெருப்பிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் ஆல்கஹாலில் சேருங்கள்.

பூசும் இடம் பலருக்குத் தெரிவதில்லை. டையைத் தொடும் வெளிப்பக்கத்தில் பூசுங்கள். உட்பக்கத்தில், பஞ்சின் முனை உட்காரும் அடிமூலையில் பூச வேண்டாம். அங்கே கொஞ்சம் உரசல் இருந்தால்தான் அடித்தகடு பஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கும். வழுக்கிவிட்டால் இழுவை முழுவதும் அந்த மூலையில் விழுந்து, தகடு மெலிந்து, அடி பிய்ந்து வரும். உங்கள் பட்டறையில் கிண்ணத்தை எண்ணெயில் முக்கி எடுக்கிறார்களா? அப்படியானால் அடி பிய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணெயால் தீராதவையும் உண்டு. முதல் இழுப்பிலேயே பித்தளை இறுகிவிடும். நடுவில் காய்ச்சி இளக்காமல் இரண்டாவது டைக்குள் தள்ளினால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. கோடு எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால் டையில் பித்தளை ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இழுக்கும் திசையிலேயே மினுக்கி எடுங்கள்.

எண்ணெயைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பெட்ரோலிய நிறுவனங்கள் மினுக்கிய செம்புப் பட்டையை எண்ணெயில் போட்டு, வழக்கமாக 100 பாகையில் மூன்று மணி நேரம் வைத்து நிறம் பார்க்கும். நீங்கள் பித்தளைத் துண்டை மினுக்கி, பாதி மூழ்கும்படி கண்ணாடிக் குவளையில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தில் அதே நேரம் வையுங்கள். முதலாளியின் கியர் ஆயிலுக்கு ஒரு குவளை, விளக்கெண்ணெய்க்கு ஒரு குவளை. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். வந்து கொஞ்ச நாளான வேலைக்காரன் வாயால் சொல்வதைவிட அது சுலபமாக எடுபடும்.

கழுவுவதை அன்றன்றே முடியுங்கள். வெந்நீரில் சலவைச் சோடாவும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்துத்தான் பெட்டி. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டவே கூடாது. அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தாலும் மினுக்கும் திரவத்தாலும் துடைக்காதீர்கள். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. இழுத்த பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் குதிரை மூத்திரத்தின் அமோனியாவும் சேர்ந்ததால் வந்த வினை அது என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921-ல் விளக்கினார்கள். இங்கே ரப்பர்ப் பால் கெடாமலிருக்க அமோனியாதான் சேர்ப்பார்கள். உங்கள் கிட்டங்கிக்குப் பக்கத்தில் ரப்பர்ப் பால் பீப்பாயோ உர மூட்டையோ கழிவறையோ இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் கடைசி இழுப்புக்குப் பிறகு 250 பாகையையொட்டி ஒரு மணி நேரம் வைத்து இறுக்கத்தை எடுங்கள். கிண்ணம் இளகாது, வெடிப்புப் பயம் போய்விடும்.

நிலைக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், தம்பி. வாடகையும் சாப்பாடும் முதல் வருடம் கடிக்கும். சோத்துப் பார்சலை விட்டு நீங்களே சமைக்கத் தொடங்கினால் கொஞ்சம் மூச்சு வரும். மொழி தெரியவில்லையே என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பட்டறையில் சிங்களத் தம்பிமாரிடம் கருவிகளின் பெயர் கேட்டுக் கேட்டே நான் பேசக் கற்றேன். விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறதோ அதையே செய்யுங்கள், கடவுச்சீட்டை வேறு யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள்.

அடுத்து எழுதும்போது தகட்டின் கனம், வெட்டிய வட்டத்தின் விட்டம், இரண்டு டைகளின் அளவு, மூலை வளைவு எல்லாம் எழுதுங்கள். வட்டத்தின் விட்டத்தை முதல் இழுப்பிலேயே பாதிக்கும் கீழே கொண்டுவந்திருந்தால் எண்ணெயை மாற்றியும் பயனில்லை, நடுவில் இன்னொரு டை போடச் சொல்லவேண்டியிருக்கும்.