ஆங்கிலத்தில் "நைஸ்" என்ற சொல்லுக்கு முன்பு "முட்டாள்" என்ற பொருள் இருந்தது உண்மையா?

உண்மைதான். இலத்தீனில் "நே" என்பது இன்மையையும் "ஸ்கீரே" என்பது அறிதலையும் குறிக்கும். இவை சேர்ந்து உருவான "நெஸ்கியுஸ்", அதாவது அறியாதவன் என்ற சொல், பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் நுழைந்தபோது "பேதை" என்ற பொருளையே சுமந்து வந்தது. "சயின்ஸ்" என்ற சொல்லும் அதே "ஸ்கீரே"யில் கிளைத்ததுதான் என்பது வேடிக்கை.

பிறகு அச்சொல் கூச்சம், எளிதில் நிறைவடையாத குணம், நுட்பம் எனப் பல பொருள்களில் வழங்கி, 18ஆம் நூற்றாண்டில்தான் "இனிய" என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. பேதைமையைக் குறித்த சொல் பாராட்டாக மாறுவது நமக்கொன்றும் புதிதன்று. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று எண்ணும்போது வரும் மடம் அறியாமையே. ஆனால் "மடமான்", "மடநடை" என்னும் இடங்களில் அதுவே இளமையும் மென்மையும் ஆகிவிடுகிறது. "மடமை" என்றால் மட்டும் வசவு.

இன்றைய ஆங்கிலத்தில் உணவு, வானிலை, மனிதர் என எதற்கும் "நைஸ்" பொருந்துகிறது. அதனாலேயே கட்டுரை எழுதும்போது அதைத் தவிர்ப்பது நல்லது என்பேன். எதற்கும் பொருந்தும் சொல் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. ஜேன் ஆஸ்டினின் "நார்த்தேங்கர் அபே" நாவலில், ஒரு புத்தகத்தை "நைஸ்" என்று சொன்ன பெண்ணிடம், இன்று நைஸான நாள், நாம் நடப்பது நைஸான நடை என்று அடுக்கி ஒருவன் கேலி செய்வான். பழைய பொருள் அடியோடு மறையவுமில்லை: "எ நைஸ் டிஸ்டிங்ஷன்" என்று படித்தால் அதை நல்ல வேறுபாடு என்று கொள்ளாமல், நுட்பமான வேறுபாடு என்று கொள்ள வேண்டும்.

தமிழில் இச்சொல் வேறொரு வழியில் போயிருக்கிறது. மாவு மில்லில் அரிசியைக் கொடுத்தால் "நைஸாவா, ரவையாவா?" என்று கேட்கிறார்கள். விரலிடையில் தேய்த்தால் நெருடாத அந்த மாவின் வழவழப்பு, ஆங்கிலத்தின் "நுட்பமான" என்ற பொருளுக்கு நெருக்கமானது. அந்த வழவழப்பே ஆளுக்கும் ஏறித்தான் "நைஸாக நழுவிவிட்டான்" என்ற வழக்கு பிறந்தது என்பது என் ஊகம். இந்தத் தந்திரப் பொருள் ஆங்கிலச் சொல்லுக்குக் கிடையாது. ஆகவே "அவன் நைஸாகப் பேசுவான், கவனமாக இரு" என்பதை அதே சொல்லை வைத்து ஆங்கிலத்தில் சொன்னால், கேட்பவர் அவன் இனிமையாகப் பேசுபவன் என்றே எடுத்துக்கொள்வார்.